பெட்டிக்குள் ஓர் எண்ணைப் போட்டதும் இன்லெட் ஏன் மாறுகிறது? (பியூர் டேட்டா, வில்லுப்பாட்டுப் பயிற்சி பேட்ச்)

வில்லடி_மருமகன் (கல்லிடைக்குறிச்சி)

எல்லோருக்கும் வணக்கம். என் மாமா வில்லுப்பாட்டுக் குழு வைத்திருக்கிறார். கோயில் கொடை நடக்கும் மாதங்களில் குழு முழுதாக இருக்கும். மற்ற நாள்களில் குடம் அடிப்பவர் ஒரு ஊரில், உடுக்கைக்காரர் இன்னொரு ஊரில் என்று பிழைப்புக்குப் போய்விடுவார்கள். மாமா மட்டும் தனியாக உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டே புதுப் பாட்டுப் பழகுவார். பார்க்கப் பாவமாக இருக்கும். அதனால் குடம், உடுக்கை, ஜால்ரா மூன்றையும் பதிவு செய்து, தாளத்துக்கு வாசிக்கிற ஒரு பேட்ச் (பெட்டிகளை ஒயரால் இணைத்துச் செய்யும் நிரல்) கட்டலாம் என்று இறங்கினேன்.

கல்லூரி லேபில் மேக்ஸ் என்ற இசை மென்பொருள் பழகியிருக்கிறேன். சொந்தமாக வாங்க வசதி இல்லை, அதே மாதிரியான பியூர் டேட்டா இலவசம் என்பதால் இங்கே வந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தது தப்பு. மூன்று இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதலாவது, நிமிடத்துக்கு 110 அடி வேண்டும் என்று 60000-ஐ (ஒரு நிமிடத்தின் மில்லி செகண்ட்) '/ 110' பெட்டிக்குள் அனுப்பி, வரும் விடையைத் தாளத் துடிப்பு தரும் 'மெட்ரோ'வுக்குக் கொடுக்கிறேன். மேக்ஸில் செய்து வைத்த பதிவும் இதுவும் போகப் போக விலகுகின்றன.

இரண்டாவது, வாத்தியத்தின் பெயரையும் சத்த அளவையும் 'பேக் 0 0' வைத்துச் சேர்க்கப் பார்த்தேன். கன்சோலில் சிவப்பாக வருகிறது: இன்லெட் (பெட்டியின் உள்வாய்) எதிர்பார்த்தது ஃப்ளோட் (புள்ளி எண்), வந்தது சிம்பல் (சொல்).

மூன்றாவதுதான் ரொம்பக் குழப்பம். ஒலிச் சிக்னலைப் பெருக்கும் '*~ 0.5' என்ற பெட்டியின் வலது இன்லெட்டில், மெல்ல ஏறி இறங்கும் சிக்னல் தரும் 'லைன்~' ஒயரை இழுத்துச் சொருகினால் ஏற்கவே மாட்டேன் என்கிறது. அதே பெட்டியில் 0.5-ஐ அழித்துவிட்டால் ஏற்கிறது! ஆரம்ப மதிப்பு கொடுத்தது ஒரு குற்றமா?

(பெட்டிப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ~ குறியை டில்டே என்று படிக்கவும்.)

பாளை_பேட்ச்

வாங்க தம்பி. மூன்றும் ஒரே கேள்விதான். மேலிருந்து வருவோம்.

மேக்ஸில் முழு எண், புள்ளி எண் என்று இரண்டு சாதி உண்டு. '/ 110' என்று புள்ளி இல்லாமல் எழுதினால் "எனக்கு முழு எண் போதும்" என்று பெட்டி எடுத்துக்கொள்ளும், விடை 545. '/ 110.' என்று ஒரு புள்ளி வைத்தால்தான் 545.4545 வரும். அந்தப் புள்ளி கண்ணுக்கே தெரியாது, ஆனால் வகையைத் தீர்மானிப்பது அதுதான். பியூர் டேட்டாவில் அந்தப் பிரிவே கிடையாது. எண் என்றால் ஃப்ளோட், வேறு இல்லை. 110 என்று போட்டாலும் 110. என்று போட்டாலும் ஒன்றே.

ஆகவே உங்கள் மேக்ஸ் பதிவு ஒவ்வோர் அடிக்கும் 0.4545 மில்லி செகண்ட் முந்தி ஓடியிருக்கிறது. நூறு அடிக்கு 45 மில்லி செகண்ட், ஆயிரம் அடிக்குக் கிட்டத்தட்ட அரை செகண்ட். இப்போது ஓடுவதுதான் சரியான வேகம். பழசை விட்டுவிடுங்கள்.

புதிய பதிப்பு வைத்திருந்தால் வகுக்கவே வேண்டாம். 'மெட்ரோ 1 110 பெர்மின்' என்று எழுதலாம், நிமிடத்துக்கு 110. ஆர்க்யூமென்டில் (பெட்டிப் பெயருக்குப் பின்னால் எழுதுவது) முதல் இரண்டும் எண், மூன்றாவது சொல். அந்த வரிசை மாறக் கூடாது.

மற்ற இரண்டையும் இரவு எழுதுகிறேன். கரண்ட் போகும் நேரம்.

டவுன்_அல்வா

இரண்டாவது பிரச்சினைக்கு: ஆர்க்யூமென்ட் ஏதும் போடாமல் வெறும் 'பேக்' என்று வையுங்கள். எதை அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளும்.

பாளை_பேட்ச்

அல்வா, வாங்காது வே. வெறும் 'பேக்' என்றால் 'பேக் 0 0' என்றுதான் பொருள். எண்ணுக்கு இரண்டு இடம், அவ்வளவே. காலியாக விட்டால் "எதுவும் சரி" என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் சொல்லாமல் விட்ட ஒரு வழக்கம் இருக்கிறது, காலியாக விட்டால் அந்த வழக்கத்துக்குப் போய்விடும்.

மருமகன் தம்பிக்கு வேண்டியது 'பேக் எஸ் எஃப்'. ஆங்கில எஸ் எழுத்து சிம்பலுக்கு, எஃப் எழுத்து ஃப்ளோட்டுக்கு. இங்கே கவனியுங்கள், 'பேக்' பெட்டிக்கு ஆர்க்யூமென்ட் மூன்று வேலை செய்கிறது. எத்தனை ஆர்க்யூமென்ட்டோ அத்தனை இன்லெட். ஒவ்வொன்றும் அந்த இன்லெட்டின் வகை. எண்ணாகக் கொடுத்தால் அதுவே ஆரம்ப மதிப்பும். எஃப் என்று எழுதினால் ஆரம்ப மதிப்பு 0.

இடது ஓரத்து இன்லெட்டுக்கு வந்தால்தான் லிஸ்ட் வெளியே போகும். மற்றவை வாங்கி வைத்துக்கொள்ளும். நீங்கள் பெயரை இடது பக்கம் வைத்தால் சத்த அளவு முதலில் வந்து சேர வேண்டும்.

மணிமுத்தாறு_சி

நான் இருபது வருடமாக சி எழுதுகிறவன். மகனுக்கு ஒரு பேட்ச் சொல்லிக்கொடுக்கப் போய் இந்தச் சுழலில் விழுந்தேன். வெளிப்படையாகவே சொல்கிறேன், இது வகை முறையே இல்லை, ஆளுக்கொரு நியாயம். 'பேக்' பெட்டியில் எஃப், எஸ் என்று எழுத வேண்டும். 'ரூட்' பெட்டியில் ஃப்ளோட், சிம்பல் என்று முழுச் சொல்லையும் எழுத வேண்டும். '+' பெட்டிக்குச் சொல்லவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேல் மருமகன் கேட்ட மூன்றாவது கேள்வி. ஒரு ஆரம்ப மதிப்பு கொடுத்ததற்காக இன்லெட்டின் வகையே மாறுவது எந்த ஊர் நியாயம்? மரக்காலில் ஒரு பிடி நெல் போட்டதும் மரக்கால் முழக்கோலாக மாறுமா?

பாளை_பேட்ச்

உங்கள் உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் ஓர் இடத்தில் தவறுகிறது. மரக்கால் மாறவில்லை. நீங்கள் கேட்டபோது கடைக்காரர் உள்ளே போய் வேறொரு பாத்திரத்தை எடுத்து வந்திருக்கிறார்.

மூல நிரலைத் திறந்து பாருங்கள், நீங்கள்தான் சி தெரிந்தவராயிற்றே. '*~' என்று தட்டும்போது ஆர்க்யூமென்ட் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறது. இல்லையென்றால் இரண்டு சிக்னல்களைப் பெருக்கும் வகுப்பில் (பெட்டியின் உள் வார்ப்பு) ஒரு பெட்டி பிறக்கிறது. எண் இருந்தால் சிக்னலை ஒற்றை எண்ணால் பெருக்கும் இன்னொரு வகுப்பில் பிறக்கிறது. வெளியே இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே முகம்.

காரணம் கணக்கு. ஒலிக்குச் செகண்டுக்கு 44100 மாதிரி (சாம்பிள்), 64 மாதிரிக்கு ஒரு கட்டு. சத்தத்தை 0.5 ஆக்க மட்டும் வேண்டுமென்றால், 64 எண்களை ஒரே எண்ணால் பெருக்கினால் முடிந்தது. வலது பக்கமும் 64 எண்கள் கொண்ட ஒரு கட்டை வைத்து, அதில் 0.5-ஐ 64 தடவை நிரப்பிக்கொண்டிருப்பது வீண். மில்லர் பக்கெட் பியூர் டேட்டாவை வெளியிட்டது 1996-இல். அன்றைய கம்ப்யூட்டரில் இது பெரிய மிச்சம்.

ஆக, இங்கே ஆர்க்யூமென்டை ஆரம்ப மதிப்பு என்று படித்தால் குழப்பம்தான். பெட்டி பிறக்கும்போது கேட்கப்படும் கேள்விக்குப் பதில் என்று படியுங்கள்: "வலது பக்கம் என்ன வரப்போகிறது?" 0.5 என்று எழுதினால் "எண்தான் வரும்" என்று வாக்குக் கொடுத்ததாக அர்த்தம்.

மருமகன் தம்பி, 'லைன்~' சொருக வேண்டுமென்றால் எண்ணை எடுத்துவிடுங்கள். ஆனால் எண் இல்லாத பெட்டியின் வலது இன்லெட்டில் எதுவும் சொருகாமல் விட்டால் அங்கே பூஜ்யம், சத்தமே வராது. நிறையப் பேர் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நினைப்பது இதனால்தான்.

மணிமுத்தாறு_சி

பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி, இரண்டு வகுப்புகள் இருக்கின்றன. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பது நல்ல பழக்கம் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

பார்த்ததில் கிடைத்த இன்னொன்றையும் சொல்கிறேன். உள்ளிணைந்த பெட்டிகள் இரண்டு மாதிரி. ஒரு மாதிரி, "எனக்கு முதலில் ஒரு சொல், அடுத்து ஓர் எண்" என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. இப்படி அறிவிக்க அதிகபட்சம் ஐந்து ஆர்க்யூமென்ட்தான். 'ஆஸ்க்~', 'மெட்ரோ' எல்லாம் இந்தக் கூட்டம். இவற்றுக்குத் தவறான வகையைக் கொடுத்தால் பெட்டி உருவாகவே உருவாகாது. 'ஆஸ்க்~ குடம்' என்று எழுதிப் பாருங்கள், விளிம்பு புள்ளிக்கோடாகி நிற்கும், கன்சோலில் தவறான ஆர்க்யூமென்ட் என்று திட்டு விழும்.

இன்னொரு மாதிரி, "எத்தனை வேண்டுமானாலும் கொடு, நானே எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்" என்பது. 'பேக்', 'ரூட்', 'செலக்ட்', 'ட்ரிக்கர்' எல்லாம் இப்படி. நான் "ஆளுக்கொரு நியாயம்" என்று சொன்னது இந்தக் கூட்டத்தைத்தான். ஒவ்வொருவரும் தன் வீட்டு வழக்கத்தைத் தானே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வேடிக்கையும் உண்டு. சொல் வர வேண்டிய இடத்தில் எண்ணைக் கொடுத்தால் பிழை என்று சொன்னேன் அல்லவா? 0 கொடுத்தால் மட்டும் பிழை இல்லை! வெற்றுச் சொல்லாக எடுத்துக்கொள்கிறது. ஏனென்றால் ஆப்ஸ்ட்ராக்‌ஷனுக்குள் (பெட்டியாகப் பயன்படும் தனி பேட்சுக்குள்) '$1' என்று எழுதி, வெளியே ஆர்க்யூமென்ட் கொடுக்க மறந்தால் அந்த இடம் 0 ஆகிவிடும். அதற்காகக் கொடுத்த சலுகை.

பத்தமடைப்பாய்

படித்துக்கொண்டே இருக்கிறேன். யாராவது '$1' பற்றிச் சொல்லுங்களேன். மெசேஜ் பெட்டியிலும் '$1' வருகிறது, சாதாரணப் பெட்டியிலும் வருகிறது. இரண்டும் ஒன்றா?

பாளை_பேட்ச்

ஒன்றில்லை மக்கா. சாதாரணப் பெட்டியில் '$1' என்றால் அந்த ஆப்ஸ்ட்ராக்‌ஷன் பிறக்கும்போது கொடுத்த முதல் ஆர்க்யூமென்ட், பிறகு மாறாது. மெசேஜ் பெட்டியில் '$1' என்றால் இப்போது உள்ளே வந்த செய்தியின் முதல் உறுப்பு, ஒவ்வொரு தடவையும் மாறும். '$0' இன்னும் தனி. பெட்டியில் எழுதினால் ஒவ்வொரு பேட்சுக்கும் வேறு வேறாக வரும் எண்.

சாரல்_அக்கா (குற்றாலம்)

2019-இல் மாவட்டம் பிரிந்தாலும் இழை பிரியவில்லை என்பதால் தென்காசிக்காரியும் நுழைகிறேன். நான் பாட்டு டீச்சர், சி எல்லாம் தெரியாது. என் மாணவர்களுக்காகத் தாளப் பேட்ச் செய்தபோது 'செலக்ட்' (குறித்த மதிப்பு வந்ததும் துடிப்பு அனுப்பும் பெட்டி) என்னை இரண்டு நாள் அழ வைத்தது, அதைச் சொல்கிறேன்.

ஆதி தாளம் எட்டு. எண்ணிக்கையை 'மாட் 8' வழியாக விட்டால் 0 முதல் 7 வரை சுற்றும். கையால் தட்டுவது 1, 5, 7 ஆகிய இடங்களில். பூஜ்யத்தில் தொடங்குவதால் 'செலக்ட் 0 4 6'. அழகாக வேலை செய்தது. அடுத்து மிஸ்ர சாப்பு வேண்டும், ஏழு, மூன்றும் நான்குமாகப் பிரியும். 'மாட்' பெட்டிக்கு வலது இன்லெட் இருக்கிறது, 7 அனுப்பினேன், மாறிவிட்டது. 'செலக்ட்' பெட்டிக்கும் 0 3 5 அனுப்பலாம் என்று பார்த்தால் வலது இன்லெட்டே இல்லை! ஒரே ஓர் ஆர்க்யூமென்ட் கொடுத்தால் மட்டும் வலது இன்லெட் முளைக்கிறது. இரண்டு கொடுத்தால் மறைந்துவிடுகிறது. பாளை அண்ணாச்சி சொன்ன கடைக்காரர் கதைதானா இதுவும்?

கடைசியில் ஒற்றை ஆர்க்யூமென்ட் 'செலக்ட்' மூன்றை வரிசையாக வைத்தேன். முதல் பெட்டியில் பொருந்தாதது வலது அவுட்லெட் வழியாக அடுத்ததற்குப் போகும். மூன்றுக்கும் வலது இன்லெட் இருப்பதால் தாளத்தை ஓடும்போதே மாற்றலாம்.

பாளை_பேட்ச்

அதே கடை, அதே கடைக்காரர் அக்கா. 'செலக்ட்' பெட்டிக்கும் உள்ளே இரண்டு வகுப்புகள். ஒன்றுக்கு மேல் கொடுத்தால் முதல் ஆர்க்யூமென்ட் எண்ணா சொல்லா என்பதும் முக்கியம், கலந்து போடாமல் இருப்பது நல்லது. கீபோர்டில் அழுத்திய சுரத்தை வாங்கும் 'நோட்இன்' பெட்டியும் இப்படித்தான். வெறுமனே வைத்தால் மூன்று அவுட்லெட்: சுரம், அழுத்தம், சேனல். 'நோட்இன் 1' என்றால் சேனல் தெரிந்துவிட்டதே என்று மூன்றாவது அவுட்லெட்டை எடுத்துவிடும்.

வில்லடி_மருமகன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. '*~' சரியாகிவிட்டது, 'பேக் எஸ் எஃப்' வேலை செய்கிறது. இப்போது புதிதாக ஒன்று. 'குடம்' என்று ஆங்கில எழுத்தில் எழுதிய மெசேஜ் பெட்டியைச் சொடுக்கினால் 'செலக்ட் குடம்' ஏற்கவில்லை, அப்படி ஒரு வழிமுறை இல்லை என்கிறது. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, பத்துத் தடவை பார்த்துவிட்டேன்.

பாளை_பேட்ச்

எழுத்தில் பிழை இல்லை. மெசேஜ் பெட்டியில் வெறுமனே 'குடம்' என்று எழுதினால் அது ஒரு கட்டளை: "குடம் என்பதைச் செய்". கொடைக்கு வந்தவரிடம் "பொங்கல்!" என்று மட்டும் கத்தினால் அவர் வைக்கிறதா, வாங்குகிறதா, சாப்பிடுகிறதா என்று முழிப்பார் இல்லையா? 'சிம்பல் குடம்' என்று எழுதினால்தான் "இது ஒரு சொல், அதன் பெயர் குடம்" என்று பொருள். 'செலக்ட்' கேட்பது இரண்டாவதை.

'ரூட் குடம்' நேர்மாறு. அது கட்டளையின் தலைச்சொல்லைப் பார்க்கும். அதற்கு வெறும் 'குடம்' பொருந்தும், 'சிம்பல் குடம்' பொருந்தாது, ஏனென்றால் அங்கே தலைச்சொல் 'சிம்பல்'. இடையில் 'சிம்பல்' என்ற பெட்டியை ஒயரில் வைத்தால் வெறும் சொல் முறையான சிம்பலாக மாறிப் போகும். உங்களுக்கு அதுவே எளிது.

டவுன்_அல்வா

இதை எனக்கு ஆறு மாதத்துக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா.

வில்லடி_மருமகன்

நேற்று பேட்சை மாமாவிடம் ஓட்டிக் காட்டினேன், அவமானப்பட்டேன். சரியாகப் பத்து நிமிடம் ஓடிவிட்டு உடுக்கை மட்டும் சத்தமே இல்லாமல் போய்விட்டது. கன்சோலில் பிழை ஒன்றும் இல்லை. மாமா சிரித்துவிட்டு, "உடுக்கைக்காரன் டீ குடிக்கப் போயிட்டானாக்கும்" என்றார்.

ராத்திரி தேடிக் கண்டுபிடித்தேன். சத்த அளவு போகும் ஒயரில் 'ட்ரிக்கர் எஃப் பி' (வந்ததைப் பல வழியில் வரிசையாக அனுப்பும் பெட்டி, பி என்பது வெறும் துடிப்பு) வைத்திருந்தேன். ஒரு மெனுவிலிருந்து எண்ணுக்குப் பதில் 'உடுக்கை' என்ற சிம்பல் அதே ஒயரில் வந்திருக்கிறது. 'ட்ரிக்கர்' ஒன்றும் கேட்காமல் அதை 0 ஆக்கி அனுப்பிவிட்டது. 'பேக்' ஆவது சிவப்பாகத் திட்டியது. இது வாயே திறக்கவில்லை!

மணிமுத்தாறு_சி

இதைத்தான் சொல்ல வந்தேன். பாளை அண்ணாச்சியிடம் '*~' வழக்கில் தோற்றேன், இதில் தோற்க மாட்டேன். 'ட்ரிக்கர்' பெட்டியின் ஆர்க்யூமென்ட், வந்ததைச் சரிபார்க்கும் வகை கிடையாது. மாற்றிவிடும் வகை. எஃப் என்று எழுதிய அவுட்லெட்டுக்குச் சொல் வந்தால் 0 போகும். எஸ் என்று எழுதியதற்கு 420 என்ற எண்ணை அனுப்பிப் பாருங்கள், 'ஃப்ளோட்' என்ற சொல் வெளியே வரும். எண்ணின் மதிப்பு தாமிரபரணியில் போய்விட்டது. பிழைச் செய்தி இருந்தால் ஒரு நிமிட வேலை, இல்லாததால் ஒரு ராத்திரி வேலை.

பாளை_பேட்ச்

இதில் நான் எதிர்வாதம் செய்யப்போவதில்லை. நானும் அடிபட்டிருக்கிறேன். என் பழக்கம் இது: வகை தெரியாத இடத்தில் 'ட்ரிக்கர்' பெட்டிக்கு ஏ என்ற எழுத்தைக் கொடுப்பேன், எது வந்தாலும் மாற்றாமல் அப்படியே அனுப்பும். எண்ணும் சொல்லும் ஒரே ஒயரில் வர வாய்ப்பிருந்தால் முதலில் 'ரூட் ஃப்ளோட் சிம்பல்' வைத்துப் பிரித்துவிடுவேன். ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலில் திருப்புவதற்கு முன் மடையில் ஒரு பலகை போடுவது மாதிரி.

ஆனாலும் 'ட்ரிக்கர்' இல்லாமல் பேட்ச் கட்டாதீர்கள். ஒரே அவுட்லெட்டிலிருந்து இரண்டு ஒயர் இழுத்தால், எதை முதலில் இழுத்தீர்களோ அது முதலில் போகும். திரையில் பார்த்தால் தெரியாது. மேக்ஸில் வலமிருந்து இடம் என்று பார்த்தாலே தெரியும். இங்கே அந்த வசதி இல்லை.

சாரல்_அக்கா

எனக்கும் ஒரு மர்மம் பாக்கி இருக்கிறது. சத்தத்தை மெதுவாக ஏற்ற 0-இல் தொடங்கி 0.1 கூட்டிக்கொண்டே போனேன். 'செலக்ட் 1' வந்ததும் நிறுத்து என்று வைத்தேன். பத்தாவது அடியில் எண் பெட்டி 1 என்று காட்டுகிறது, ஆனால் 'செலக்ட்' பிடிக்கவில்லை, 1.1, 1.2 என்று போய்க்கொண்டே இருக்கிறது. பசங்க காதைப் பொத்திக்கொண்டார்கள்.

மணிமுத்தாறு_சி

அக்கா, இது என் ஏரியா. இங்கே ஃப்ளோட் 32 பிட். 0.1-ஐ இரண்டின் அடுக்குகளில் சரியாக எழுத முடியாது. பத்துத் தடவை கூட்டினால் 1.0000001 வருகிறது. எண் பெட்டி அதைச் சுருக்கி 1 என்று காட்டுகிறது, 'செலக்ட்' சுருக்காமல் பார்க்கிறது. 1 கூட்டி 10 வரை எண்ணுங்கள், சத்தத்துக்கு அனுப்பும் முன் 10-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 'செலக்ட் 10' கட்டாயம் பிடிக்கும்.

முழு எண்ணாக இருந்தாலும் எல்லை உண்டு. 16777216 வரைதான் ஒன்று ஒன்றாக எண்ண முடியும். அதோடு 1 கூட்டினாலும் அதேதான் வரும். 44100 மாதிரிக் கணக்கில் அது ஆறு நிமிடம் இருபது செகண்ட். முழுக் கொடையையும் ஒரே அரேயில் (மாதிரிகளை வைக்கும் வரிசை) போட்டு மாதிரி எண்ணால் தேடலாம் என்று யாரும் திட்டம் போடாதீர்கள்.

பத்தமடைப்பாய்

என்னுடைய சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். பதிவுகளுக்கு 1, 2, 3 ... 108 என்று பெயர் வைத்தேன். பதிவை வைக்கும் 'டேபிள்' பெட்டி 108 என்ற பெயரை வாங்க மறுக்கிறது.

பாளை_பேட்ச்

எண் மாதிரி தெரிவதெல்லாம் இங்கே எண்தான் மக்கா. 108 என்று எழுதினால் ஃப்ளோட், அதைப் பெயராக ஏற்காது. முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துவிடுங்கள். ஓடும்போது எண்ணிலிருந்து பெயர் உருவாக்க வேண்டுமென்றால் 'மேக்ஃபைல்நேம்' பெட்டி இருக்கிறது, எண்ணை வாங்கிச் சிம்பலாகக் கொடுக்கும். பெயருக்குள் இடைவெளி விடாதீர்கள், அங்கே இரண்டு ஆர்க்யூமென்டாக உடைந்துவிடும்.

வில்லடி_மருமகன்

வந்தாச்சு! நேற்றுச் சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் வைத்து மாமா ஒரு மணி நேரம் பாடினார். குடம், உடுக்கை, ஜால்ரா மூன்றும் கடைசி வரை இருந்தன. தெருவில் போன இரண்டு பேர் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். 'ஆமா' போட ஆள் இல்லாததால் நான் போட்டேன், அதைப் பற்றி மாமா ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் பாடி முடித்ததும் அவர் சொன்னதுதான் விஷயம். "குடம் நல்லாத்தான் அடிக்கான். ஆனா நான் கதைக்கு நடுவுல இழுத்துப் பாடுனா நிக்க மாட்டேங்கான். நான்ல அவன் பின்னால ஓட வேண்டியிருக்கு." வேகத்தை மாமாவே காலால் கொடுக்கிற மாதிரி செய்ய முடியுமா? வீட்டில் பழைய கீபோர்டின் சஸ்டெய்ன் பெடல் இருக்கிறது.

பாளை_பேட்ச்

முடியும். சஸ்டெய்ன் பெடலின் கன்ட்ரோலர் எண் 64. 'சிடிஎல்இன் 64' வையுங்கள். ஆர்க்யூமென்ட் கொடுத்துவிட்டதால் கன்ட்ரோலர் எண்ணுக்கான அவுட்லெட் போய்விடும், மதிப்பும் சேனலும் மிஞ்சும். மதிப்பை 'மோசஸ் 64' வழியாக விடுங்கள், 64-உம் அதற்கு மேலும் வலது பக்கம் வரும், அதுதான் மிதித்த நேரம். மிதிக்கும்போது பெடல் பல மதிப்புகளை அனுப்பும் ரகமாக இருந்தால் ஒரு மிதி பல மிதியாகிவிடும். அதனால் மதிப்பை முதலில் '>= 64' பெட்டியில் 0 அல்லது 1 ஆக்கி, 'சேஞ்ச்' (மதிப்பு மாறினால் மட்டும் விடும் பெட்டி) வழியாக விட்டு, 'செலக்ட் 1' வைத்துப் பிடிப்பது இன்னும் நல்லது. அப்படிச் செய்தால் 'மோசஸ்' வேண்டாம்.

அங்கிருந்து 'ட்ரிக்கர் பி பி'. வலது அவுட்லெட் முதலில் போகும், அதை 'டைமர்' பெட்டியின் வலது இன்லெட்டுக்கு இழுங்கள், போன மிதியிலிருந்து எத்தனை மில்லி செகண்ட் ஆயிற்று என்று சொல்லும். இடது அவுட்லெட்டை 'டைமர்' இடது இன்லெட்டுக்கு, அது மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். விடையை 'மெட்ரோ'வின் வலது இன்லெட்டுக்குக் கொடுங்கள். இதற்கு மட்டும் சாதாரண 'மெட்ரோ 545' வையுங்கள், பெர்மின் வேண்டாம், இல்லையென்றால் மில்லி செகண்டை அது வேறு அலகாக எடுத்துக்கொள்ளும்.

முதல் மிதி எப்போதும் பெரிய எண்ணாக வரும், காலையில் பெட்டியைத் திறந்ததிலிருந்து எண்ணியிருக்குமே. அதனால் 'மெட்ரோ'வுக்கு முன்னால் ஒரு 'மோசஸ் 2000' வைத்து இடது பக்கத்தை மட்டும் எடுங்கள்.

வில்லடி_மருமகன்

சரி அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறேன். மாமா எந்தக் காலால் மிதிப்பார் என்று கேட்டேன். "இடது கால்தான், வலது கால்ல வில்லு மணி இருக்கும்" என்றார். பெடல் ஒயர் அந்தப் பக்கம் எட்டாது, நீட்டிக்க வேண்டும்.